ஹார்முஸை சுத்திப் போற பைப்லைன் நியூஸை எப்படிப் படிக்கிறது?

"ஹார்முஸை தவிர்க்க புது பைப்லைன்"னு நியூஸ் வந்தா பெட்ரோல் விலை குறையும்னு உடனே குஷியாகாதீங்க, மொதல்ல வீட்ல பசங்க அட்லஸை எடுங்க. ஹார்முஸ்னா பாரசீக வளைகுடாவுலேர்ந்து எண்ணெய்க் கப்பலுங்க வெளிய வர்ற குறுகலான கடல் சந்து. நான் மணலி டீக்கடையில அதை விரிச்சு பஜ்ஜி எண்ணெய் விரலாலயே கோடு போட்டேன், பாரசீக வளைகுடா மேல இன்னும் கறை இருக்கு.

பைப் எந்தக் கடல்ல முடியுதுன்னு பாருங்க, இதுதான் மெயின். ஈராக்ல பாஸ்ராவுலேர்ந்து ஜோர்டான் அகாபாவுக்குன்னு 1980-கள்லேர்ந்து பேசிட்டே இருக்காங்க, ஆனா அகாபா செங்கடல் பக்கம், அங்கேர்ந்து சென்னைக்கு நேரா வரணும்னா பாப் எல் மண்டெப்னு இன்னொரு சந்துல நுழையணும், அண்ணா சாலை ஜாமுக்குப் பயந்து ரங்கநாதன் தெருவுக்குள்ள வண்டிய விட்ட கதைதான். சவுதியோட யான்பு துறைமுகமும் அதே கேஸ். அமீரகத்து ஃபுஜைரா துறைமுகம் ஹார்முஸுக்கு வெளியவே இருக்கு, நமக்கு அது ஓகே.

அப்புறம் அளவு. 2024-ல ஹார்முஸ் வழியா தினமும் சுமார் 2 கோடி பேரல் போச்சு, 2012-ல ஓடத் தொடங்கின ஹப்ஷான்-ஃபுஜைரா பைப் தாங்குறது சுமார் 15 லட்சம், நீங்களே கழிச்சுப் பாத்துக்கோங்க.

எத்தனை எல்லை தாண்டுதுன்னும் எண்ணுங்க. ஈராக் எண்ணெய சவுதி வழியா கொண்டுபோன பைப்பை 1990-ல குவைத் பிரச்சனையப்போ மூடிட்டாங்க.