தடைக்காலம் வந்தால் கிரான்டேப் தானாக மாற ஒரு வழி

மண்டபத்தில் மாமாவின் ஐஸ் கம்பெனியில் ஒரு லினக்ஸ் கணினி இருக்கிறது. எந்த விசைப்படகுக்கு எத்தனை கட்டி ஐஸ் என்ற சிட்டையை அது தினமும் அதிகாலை 2.30 மணிக்கு அச்சடிக்கும். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் 'கிரான்' என்ற நிரல்தான் இதைச் செய்கிறது; அதற்கான நேர அட்டவணைதான் கிரான்டேப். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அப்போது சிட்டை வேண்டாம், வாரம் ஒருமுறை கணக்கை பேக்கப் எடுத்தால் போதும்.

முதலில் அட்டவணையைக் காட்டும் 'கிரான்டேப் -எல்' கட்டளையைக் கொடுத்து, இப்போதுள்ள அட்டவணையை 'கடல்', 'தடை' என்று இரண்டு கோப்புகளில் சேமியுங்கள். கடலில் சிட்டைக்கான வரி 30 2 * * * என்று தொடங்கும். தடையில் அதை நீக்கிவிட்டு, ஞாயிறு காலை 6 மணி பேக்கப்புக்கு 0 6 * * 0 என்று எழுதுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு. இன்றைய மாதத்தையும் நாளையும் நான்கு இலக்கமாக எடுத்து, 0415 முதல் 0614 வரை என்றால் தடை, மற்ற நாளெல்லாம் கடல். 'கிரான்டேப்' என்று எழுதி அந்தக் கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்தால் பழைய அட்டவணை மொத்தமாகப் போய்ப் புதியது வந்துவிடும். அதனால் அதற்கு முந்தைய வரியிலேயே 'டெஸ்ட் -எஸ்' போட்டு, கோப்பு காலியாக இல்லை என்று உறுதிசெய்யுங்கள். ஓடும் அட்டவணையை, உரையைத் திருத்தும் 'செட்' கட்டளை வழியாகப் பைப்பில் நேரடியாகத் திருத்துவதை நான் விட்டுவிட்டேன். ஓர் எழுத்து பிசகினாலும் காலி அட்டவணை ஏறிவிடலாம்.

ஸ்கிரிப்டை நள்ளிரவு 12.05-க்கு ஓட்ட, 5 0 * * * என்று ஒரு வரி வேண்டும். இதை நான் கடல் கோப்பில் மட்டும் எழுதியிருந்தேன். ஏப்ரல் 15 அன்று அட்டவணை அழகாக மாறியது. ஜூன் 15 அதிகாலை ஐஸ் ஏற்ற வந்த படகுக்காரர், "தம்பி, சிட்டை எங்கே?" என்றார். அச்சு இயந்திரத்தில் ஒரு தாள்கூட இல்லை. தடைக் கோப்பு ஏறியபோதே, ஸ்கிரிப்டை எழுப்பும் வரியும் அட்டவணையிலிருந்து போய்விட்டது. பிறகு யார் அதைத் திருப்பி மாற்றுவது? அந்த வரி இரண்டு கோப்பிலும் இருந்தே ஆக வேண்டும்.

பின்னர் சேர்த்தது: தொண்டியிலிருந்து ஒருவர், நள்ளிரவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டார். தவறிய வேலையை கிரான் பிறகு செய்யாது. இரண்டு கோப்பிலும் @ரீபூட் என்று தொடங்கும் வரி ஒன்றும் போடுங்கள். கணினி எழுந்ததும் ஸ்கிரிப்ட் ஓடிவிடும்.

சோதிக்க ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டாம். தேதியைக் கையால் கொடுக்கும்படி ஸ்கிரிப்டை எழுதி 0414, 0415, 0614, 0615 என்று வரிசையாக ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் 'கிரான்டேப் -எல்' போட்டு, அந்த 12.05 வரி இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் தேதி கொடுக்காமல் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.