பழைய மஸ்டாங்கைப் புதுப்பிக்கையில் சிறு பாகங்களில் நேரும் தவறுகள்

ஃபோர்டு மஸ்டாங் போன்ற 1960களின் அமெரிக்க மசில் கார் (வலுவான எஞ்சின் பொருத்திய கார்) ஒன்றைப் புதுப்பிக்க முனைபவர்களின் கவனம் பெரும்பாலும் எஞ்சினிலும் பெயின்டிலுமே போய்விடுகிறது. 289 கன அங்குல வி8 எஞ்சினைப் பிரித்துச் சீராக்கித் தரும் பட்டறைகள் அமெரிக்காவில் ஏராளம். 1965ஆம் ஆண்டு மஸ்டாங்கின் மட்கார்டும் கதவும்கூட இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. ஆனால் அந்தக் காரோடு தொழிற்சாலையிலிருந்து வந்த போல்ட், கிளிப், ஸ்பிரிங், எம்பளம் போன்றவற்றை ஒருமுறை தொலைத்தாலோ கெடுத்தாலோ, அதே பொருளை மீண்டும் தேடிப் பிடிப்பது மிகக் கடினம்.

முதல் தவறு காரைப் பிரிக்கும் நாளிலேயே நடந்துவிடுகிறது. கழற்றிய போல்ட்டுகளை எல்லாம் ஒரே டப்பாவில் கொட்டிவைத்தால், ஓராண்டு கழித்து அவற்றில் எது பானெட் கீலுக்கு உரியது, எது பம்பர் தாங்கிக்கு உரியது என்று எவராலும் சொல்ல முடியாது. ஒவ்வோர் இணைப்பையும் கழற்றுவதற்கு முன் படமெடுத்து, அதன் போல்ட், நட், வாஷர் மூன்றையும் ஒரே பையிலிட்டு, அவை எந்தப் பக்கம், எந்த வரிசையில் இருந்தன என்பதைச் சீட்டில் எழுதிவைக்க வேண்டும். உடைந்த கிளிப்பையும், மாற்றுப் பாகம் வந்து சரியாகப் பொருந்தும்வரை எறியக் கூடாது. அளவு பார்க்க வேறு ஆதாரம் இருக்காது. கிழிந்த இருக்கையைக் குப்பையில் போடுமுன் அதன் ஸ்பிரிங்குகளுக்கிடையே கையை விட்டுப் பார்ப்பதும் நல்லது. அந்தக் கார் என்னென்ன வசதிகளோடு கட்டப்பட்டது என்று தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சொன்ன தயாரிப்புத் தாள், கிரைஸ்லர் நிறுவனத்தின் கார்களில் பல முறை அங்கேதான் கிடைத்திருக்கிறது.

சுத்தம் செய்யும் அவசரம் அடுத்த தவறு. துருவைக் கண்டதும் எல்லாவற்றையும் மணலைப் பீய்ச்சித் துருவை நீக்கும் சாண்ட் பிளாஸ்டிங்குக்கு அனுப்பிவிடுகிறார்கள். பாகத்தின் மீது மை முத்திரையாகவோ, பரிசோதகர் தீட்டிய வண்ணக் கோடாகவோ இருந்த அடையாளம் அதில் அழிந்துபோகிறது. மென்மையான துத்தநாக வார்ப்பில் செய்த எம்பளங்களின் மேற்பரப்பு சொரசொரத்துவிடுகிறது. முதலில் மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு அழுக்கை மட்டும் நீக்கி, தெரிகிற அடையாளங்களைக் குறித்துக்கொண்ட பிறகே அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

போல்ட்டுகள் விஷயத்தில் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கார்களில் இருப்பவை அங்குல அளவுகள். 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர், எனவே 8 மில்லிமீட்டர் போல்ட் பார்வைக்கு ஒன்றாகவே தெரியும். ஆனால் முன்னதன் பருமரையில் (இடைவெளி அகன்ற வகை மரையில்) அங்குலத்துக்கு 18 சுற்றுகள், பின்னதில் ஏறத்தாழ 20. ஸ்பானரால் பலமாகத் திருகினால் உள்ளே போவது போலத் தோன்றி, மரை நாசமாகிவிடும். போல்ட்டின் பலத்தைக் காட்டும், தலையிலுள்ள கோடுகளையும் படிக்கத் தெரிய வேண்டும்: மூன்று கோடுகள் கிரேடு 5, ஆறு கோடுகள் கிரேடு 8. பளபளப்புக்காக எல்லா இடத்திலும் சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போடுவது என் பார்வையில் அழகையும் கெடுக்கிறது, ஆபத்தையும் கொண்டுவருகிறது. ஸ்டியரிங், சஸ்பென்ஷன், சீட் பெல்ட் ஆகியவற்றுக்குத் தேவையான கிரேடு 5இன் பலம் அதற்குக் கிடையாது. அன்று பல போல்ட்டுகள் சாம்பலும் கருப்புமான பாஸ்பேட் பூச்சோடுதான் வந்தன, வேறு சில துத்தநாக முலாமோடு வந்தன. அந்த வேறுபாட்டை அப்படியே காப்பதில்தான் புதுப்பித்தவரின் அக்கறை வெளிப்படுகிறது.

முலாம் பூசக் கொடுக்கும்போது பலரும் அறியாத ஓர் அபாயம் உண்டு. அமிலத்தில் கழுவி மின்முலாம் பூசும்போது, கடினமாக்கிய எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடும். ஸ்பிரிங்கோ உயர்பலப் போல்ட்டோ பூட்டிய சில நாட்களில் திடீரென்று முறிவதற்கு இது காரணமாகலாம். முலாம் முடிந்த உடனே 190 முதல் 220 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சுட்டுத் தருவார்களா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எர்த் இணைப்பை மறப்பதால் வரும் கோளாறு இன்னும் நுட்பமானது. 1965, 1966 மஸ்டாங்கின் மீட்டர் தொகுதியின் பின்புறம் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு தகரக் கூடு இருக்கும். அது 12 வோல்ட்டை விட்டுவிட்டு அனுப்பி, பெட்ரோல், வெப்பநிலை மீட்டர்களுக்குச் சராசரியாக 5 வோல்ட் மட்டும் போகச் செய்கிறது. உள்ளிருக்கும் சூடேற்றும் சுருளுக்கு மின்சாரம் திரும்பிப்போகும் வழி அந்தக் கூட்டின் எர்த்தான். புதிதாகப் பெயின்ட் அடித்த பரப்பின் மீது அதைத் திருகிவிட்டால் எர்த் அறுந்து, சுருள் சூடாகாமல், தொடுமுனைகள் பிரியாமல், முழு 12 வோல்ட்டும் மீட்டர்களுக்குப் போய் முள் எல்லை தாண்டி நிற்கும். நாளடைவில் மீட்டர் எரிந்தும் போகலாம். திருகு அமரும் இடத்தில் மட்டும் பெயின்ட்டைச் சுரண்டி உலோகத்தைத் தெரியவிட்டால் போதும். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டைக்கும் இதே கவனம் தேவை.

எம்பளம், மோல்டிங், கதவு ரப்பர் ஆகியவற்றைப் பெயின்ட் முடிந்த பிறகு வாங்குவதும் தவறு. புதிய எம்பளத்தின் ஊசிகள் பழைய துளைகளோடு எப்போதும் ஒத்துவருவதில்லை. புதிய ரப்பர் தடிமனாக இருந்தால் கதவு மூடாமல் இடைவெளி மாறிவிடும். எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கி, பிரைமர் நிலையிலேயே ஒருமுறை பூட்டிப் பார்த்து, துளைகளையும் கீல்களையும் சரிசெய்து, மறுபடி கழற்றிய பின்னரே காரைப் பெயின்ட் அறைக்கு அனுப்ப வேண்டும்.