மிச்சக் கருக்கள்: பென்சில் டிக்கை நம்பாதீர்கள்

பெரம்பூரில், குழந்தையின்மை சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. ஊசி நேரம் தவறுவது, ஸ்கேனுக்கு லேட்டாக வருவது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அதை நர்ஸே திட்டிச் சரிசெய்துவிடுவார். லேபில் உருவாக்கிய கருவைக் கர்ப்பப்பைக்குள் வைத்தது போக மீதியை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் போட்டு வைக்கிறோமே, சிக்கல் அங்கேதான்.

பென்சில் டிக்

கருமுட்டை எடுக்கும் காலை. மனைவி வெறும் வயிற்றோடு உள்ளே, கணவர் பில் கவுன்ட்டரில். அந்த நேரத்தில்தான் கட்டுக்கட்டாகப் படிவம் நீட்டுவார்கள். கருவை உறையவைக்க வேண்டுமானால், இருவரில் ஒருவர் இறந்தாலோ நினைவு தப்பிப் படுத்தாலோ அதை என்ன செய்வது என்று எழுதிக் கொடுத்தே ஆகவேண்டும். 2021 ஏஆர்டி சட்டம், அதாவது செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சையை ஒழுங்குபடுத்தும் சட்டம், கேட்பது இது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், 'அழித்துவிடலாம்' என்ற கட்டத்தில் ஊழியரே பென்சிலால் சின்னதாக டிக் போட்டு வைப்பார். மேலே பேனாவை ஓட்டினால் போதும். "எல்லாரும் இதைத்தாங்க போடுவாங்க."

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பெண் வந்தார். கணவர் துறைமுகத்தில் லாரி ஓட்டியவர், மாரடைப்பில் போய்விட்டார். உறையவைத்த கருவில் ஒன்றையாவது வைக்க முடியுமா என்று கேட்டார். ஃபைலைத் திறந்தால் அதே டிக், இரண்டு பேர் கையெழுத்தோடு. பேனா மைக்கு அடியில் பென்சில் கோடு இன்னும் தெரிந்தது. பக்கத்திலேயே 'துணைக்குத் தரலாம்' என்ற கட்டம் காலியாக இருந்தது. "இதை அவரு படிச்சிருக்கவே மாட்டாரு மேடம்" என்றார். நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

படிவத்தை முந்தைய ஸ்கேன் அன்றே கேட்டு வாங்கி, வீட்டில் உட்கார்ந்து பேசி நிரப்புங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? சரி, கரு கர்ப்பப்பைக்குள் போகும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். புதிதாக எழுதிக் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கர்ப்பம் பாசிட்டிவ் வந்த வாரமே "மீதி வேண்டாம்" என்பது

வடிவுடையம்மனுக்குப் புடவை சாத்திவிட்டு நேரே இங்கே வந்து சொல்வார்கள். பிள்ளை கைக்கு வரட்டும், அப்புறம் பேசலாம். நாலு கரு மீதி என்றால் நாலு பிள்ளை என்றும் கணக்கில்லை. உருக்கும்போதே சில தாங்காது, வைத்ததெல்லாம் ஒட்டவும் ஒட்டாது.

நாத்தனாருக்குக் கொடுக்கலாமா?

நல்ல மனசுதான். ஆனால் உங்களுக்காக உருவான கருவை வேறு தம்பதிக்கு வைக்க விதி இடம் தரவில்லை. விற்பதற்கும் தடை. பதிவுபெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சம்மதத்தோடு தரலாம்.

பேசாமல் பணம் மட்டும் கட்டிக்கொண்டிருப்பது

கருவைச் சேமித்து வைக்க உச்சவரம்பு 10 ஆண்டு. அதற்கு முன்பே வயதும் தடுக்கும்: மனைவிக்கு 50, கணவருக்கு 55. ரினியூவல் ரசீது வரும் மாதத்திலாவது இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள்.

போன் நம்பர்

மாற்றினால் கிளினிக்கில் சொல்லுங்கள். ரினியூவல் தகவல் பழைய சிம்முக்கே போய்க்கொண்டிருக்கும்.