ஜப்பானிய மொழி வகுப்புக்கு மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள்

ஜப்பானுக்குக் குடிவந்தால், வீடு அமைந்த 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிந்துவிடுங்கள். வங்கிக் கணக்கு, போன் எல்லாம் அதன் பின்னால் தானாக நடக்கும். நான் சொல்ல வந்தது வேறு.

டோக்கியோவின் நிஷி கசாயில் எங்கள் பக்கத்து ஃபிளாட் தம்பி, மதுரைக்காரன், வந்த கையோடு ஒரு மொழி வகுப்பில் சேர்ந்தான். ஓராண்டுக் கட்டணம் முழுவதும் தவணைக் கடன். நம் ஊர் டியூஷன் மாதிரி, பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் நின்றுகொள்ளலாம் என்ற நினைப்பு. அங்கே ஜப்பானியத்தை ஆங்கில எழுத்தில் எழுதியே பாடம் நடத்தினார்கள். வாசலில் குப்பை போடும் நாளை எழுதிய பலகையைக்கூட அவனால் படிக்க முடியவில்லை. நிற்கிறேன் என்றதும், பணம் திரும்ப வராது என்று பணிவாகக் குனிந்து வணங்கிச் சொல்லியிருக்கிறார்கள். இவனும் பதிலுக்கு வணங்கிவிட்டு வந்துவிட்டான்!

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் ஓடும், 50,000 யென்னுக்கு மேல் வாங்கும் மொழி வகுப்பு என்றால், ஒப்பந்தத் தாள் கைக்கு வந்த 8 நாளுக்குள் எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம். முழுப் பணமும் திரும்ப வரும். அதற்குப் பிறகும் நடுவில் நிற்கலாம். நடந்த பாடங்களுக்கான தொகை போக, 50,000 யென் அல்லது மீதித் தொகையில் 20 சதவீதம், இதில் எது குறைவோ அதற்கு மேல் அவர்கள் பிடிக்க முடியாது. மறுத்தால் 188-க்குப் போன் போடுங்கள், உள்ளூர் நுகர்வோர் மையத்துக்கு இணைப்பு கிடைக்கும். ஜப்பானியம் தெரிந்த நண்பரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நீங்களே படிப்பது எப்படி? முதலில் ஹிரகானா, கதகானா என்ற இரண்டு எழுத்து வரிசைகள். ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்து 46தான். 247 எழுத்தைத் தாண்டி வந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு கணக்கா! அப்புறம் ஜப்பான் பவுண்டேஷனின் ‘இரோதோரி’ பாடநூல். ஒலிப்பதிவோடு இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சொற்களை மனப்பாடம் செய்ய, அட்டை அட்டையாகக் கேள்வி கேட்கும் ஆங்கி (Anki) செயலி. இலக்கணத்துக்கு மட்டும் ஆங்கிலத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். ‘தபேதே மிரு’ என்பதை ஆங்கிலத்தில் சுற்றி வளைத்து விளக்குவார்கள். நமக்கு அது ‘சாப்பிட்டுப் பார்’, சொல்லுக்குச் சொல் அப்படியே. வினை கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால், எல்லாம் நம் வழிதான்.

ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வை எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதில் பேச்சுத் தேர்வே கிடையாது. பேசிப் பழக, பல வார்டுகளில் தன்னார்வலர்கள் நடத்தும் வகுப்புகள் உண்டு. இலவசம், இல்லையென்றால் சொற்பக் கட்டணம். எனக்கு வாய்த்தவர் ஒரு பாட்டியம்மா. சாம்பாரில் என்ன போடுவீர்கள் என்று ஆரம்பித்தார் என்றால், புளியைப் புரியவைப்பதற்குள் வகுப்பே முடிந்துவிடும்.