பனிக்குள் காற்று புகும்போது: வெப்பம் அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெப்பமானியைப் பத்திரமாகப் புதைக்க வேண்டும், வயர் அறுந்துவிடக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. பனியில் வெப்பக் கடத்தலை அளக்கப் புதிதாக வருகிறவர்கள் சறுக்கும் இடங்கள் வேறு.

காற்றின் வேலையைப் பனியின் கணக்கில் எழுதுவது

இந்தத் தவறைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. பனிக்கட்டியின் வெப்பக் கடத்துத்திறன், மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு ஏறத்தாழ 2.2 வாட். அசையாத காற்றுக்கு வெறும் 0.024. புதுப் பனியின் கன அளவில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான். அது அசையாத வரைதான் பனி கம்பளியாக இருக்கும்.

பனியின் மேற்பரப்பு மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. காற்று மோதும் பக்கம் அழுத்தம் கூடுகிறது, மறைவுப் பக்கம் குறைகிறது. அந்த வேறுபாடு துளைகளின் வழியே காற்றைத் தள்ள, அது வெப்பத்தையும் சுமந்துகொண்டு போகிறது. பனியின் கடத்துத்திறன் அப்போதும் பழையபடியேதான் இருக்கிறது.

ஒரு மாணவரின் அட்டவணையில், கன மீட்டருக்கு 300 கிலோ அடர்த்தியுள்ள பனிக்குக் கடத்துத்திறன் 1.5 என்று இருந்தது. 0.2 அளவில் இருக்க வேண்டியது! அன்று காற்று எப்படி வீசியது என்று கேட்டேன். குறிப்பேட்டைப் புரட்டினார், காற்று வேகத்துக்கான பத்தியே இல்லை. அந்தப் பருவத்தின் பதிவுகள் அத்தனையும் வீணாயின.

சோதிப்பது எளிது. அந்தப் பனியில் பகல் சூடு 30 செ.மீ. ஆழத்துக்கு இறங்க ஏறக்குறைய அரை நாள் ஆகும். மேலே இருந்த ஏற்ற இறக்கத்தில் 4 சதவீதம் போலத்தான் அங்கே மிஞ்சும். காற்று வலுத்த சில நிமிடங்களிலேயே ஆழத்து வெப்பமானி அசைந்தால் அது கடத்தலாக இருக்க முடியாது. அந்த நேரத்துப் பதிவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

காற்றில்லாத இரவை அப்படியே நம்புவது

தரை வெதுவெதுப்பாகவும் மேலே கடுங்குளிராகவும் இருந்தால், அடியிலுள்ள பருமணிப் பனிக்குள் (பெரிய, தளர்வான மணிகளாலான அடுக்கு) காற்று தானாகவே சுழலலாம். அலாஸ்காவின் ஃபேர்பாங்ஸில் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

ஊசி உணரியை நெடுநேரம் சூடேற்றுவது

வேண்டாம். ஊசி உணரி என்பது பனியில் செருகிச் சூடேற்றிக் கடத்துத்திறனை அளக்கும் கருவி. நெடுநேரம் ஏற்றினால் அந்தச் சூடே துளைகளிலுள்ள காற்றைக் கிளப்பிவிடும்.

வெயில்

மேல் 10 செ.மீ.க்குள் இருக்கும் உணரி வெயிலில் தானே சூடேறும்.

குழிச் சுவரில் அளப்பது

மேலே கெட்டிப்பட்ட ஓடு இருந்தால் காற்று எளிதில் உள்ளே இறங்காது. அளப்பதற்காகப் பனியில் குழி வெட்டியதும் அந்தக் காப்பு போய்விடுகிறது. பக்கவாட்டிலிருந்து காற்று புகுந்துவிடும். மறைவான சுவரைத் தேர்ந்தெடுத்து, உணரியை ஆழமாகச் செருகி, வெட்டிய கையோடு அளந்துவிடுங்கள்.