பட்டுப்புழு மனைக் கண்ட்ரோலருக்கு எந்த போர்டு வாங்குவது?

பாலக்கோடு, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் மனைக்கு ஈரப்பதக் கண்ட்ரோலரைச் சொந்தமாகச் செய்து மாட்ட நினைப்பவர்களுக்கு இது. சர்க்யூட் தயார், சால்டரிங் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் போர்டு, அதாவது பாகங்களைச் சால்டர் செய்யும் சர்க்யூட் பலகை, வாழப்போகும் இடத்தைப் பாருங்கள். இளம்புழுவுக்கு 27–28 டிகிரி வெப்பம், 80–90 சதவீத ஈரப்பதம். வளர்ந்த புழுவுக்கே 70 சதவீதம் வேண்டும். அந்தக் காற்றிலேயே ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக 230 வோல்ட்டும் போகும். இந்த வெப்பத்தை எந்த போர்டும் தாங்கிவிடும். ஈரத்தைத்தான் எல்லாம் தாங்காது.

அதனால் பேப்பர் ஃபீனாலிக் (காகிதத்தைப் பிசினில் தோய்த்துச் செய்த போர்டு) வேண்டாம். விலை குறைவு, துளை போடச் சுலபம், பழகுவதற்கு அருமை. ஆனால் உள்ளே இருக்கும் காகிதம் ஈரத்தை இழுக்கும். நாளடைவில் மின்கசிவு வரும், டிராக்குகளுக்கு (தாமிரக் கோடுகளுக்கு) நடுவே கருகும். ரிலேயைக் கழற்றி மாற்றினால் பேடும் (சால்டர் வைக்கும் தாமிரப் பொட்டும்) கூடவே உரிந்து வரும். எஃப்ஆர்-4 கிளாஸ் எபாக்சி (கண்ணாடி இழைத் துணியும் எபாக்சி பிசினும் சேர்ந்தது), 1.6 மி.மீ. தடிமன், 35 மைக்ரான் தாமிரம்: இதைக் கேட்டு வாங்குங்கள்.

கேட்டால் மட்டும் போதாது, பார்த்தும் வாங்க வேண்டும். சிஇஎம்-1 என்று ஒரு வகை உண்டு. மேலும் கீழும் கண்ணாடித் துணி, நடுவில் காகிதம். மேலாகப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். நிறத்தை நம்பாதீர்கள். தாமிரம் இல்லாத இடத்தை வெளிச்சத்தில் பிடித்தால் எஃப்ஆர்-4இல் ஒளி ஊடுருவும், துணி நெசவு தெரியும். சந்தேகம் தீரவில்லையா? ஒரு மூலையை உடையுங்கள். காகிதம் 'டக்'கென்று முறியும். கண்ணாடி இழை வளைந்து, வெளுத்து, நார் நாராக நிற்கும்.

துளைக்கு கார்பைடு பிட்தான். சாதாரண பிட் சீக்கிரமே மழுங்கிவிடும். கார்பைடோ கையில் பிடித்துப் போட்டால் ஒடியும், ஸ்டாண்ட் தேவை. கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் போடுங்கள்.

மெயின்ஸ் (230 வோல்ட்) பக்கத்துக்கும் சென்சார் பக்கத்துக்கும் நடுவே 8 மி.மீ. இடைவெளி விடுங்கள். வைஃபை வைத்தாலும் எஃப்ஆர்-4 போதும், ஆன்டெனாவுக்கு அடியில் தாமிரம் இருக்கக் கூடாது. விலை உயர்ந்த டெஃப்லான் போர்டெல்லாம் இங்கே வீண் செலவு.

பின்சேர்க்கை: எஃப்ஆர்-4 போட்டும் டிராக் பச்சை பூக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். மனையைச் சுத்தம் செய்ய பிளீச்சிங் பவுடர் அடிக்கிறோமே, அதிலிருக்கும் குளோரின் தாமிரத்தை அரிக்கும். சால்டர் முடிந்ததும், மிஞ்சிய ஃப்ளக்ஸை (சால்டர் ஒட்ட உதவும் பசையை) ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, கான்ஃபார்மல் கோட்டிங் (போர்டை ஈரத்திலிருந்து காக்கும் மெல்லிய பூச்சு) அடியுங்கள். அடிக்கும்முன் சென்சாரில் காற்று புகும் துளையையும் கனெக்டர்களையும் டேப் ஒட்டி மூடிவிடுங்கள்.