அக்குபங்சருக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

முட்டிவலி, கழுத்துப் பிடிப்பு என்று, உடம்பில் மெல்லிய ஊசி குத்தும் அக்குபங்சர் சிகிச்சைக்காகச் சிங்கப்பூரில் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் சீன மருந்தகத்துக்குப் போகும் நம்மவர்கள் உண்டு. தாராளமாகப் போகலாம். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே படுக்கையில் ஏறிவிடுகிறார்களே, எனக்குக் கவலை அதுதான்.

பலதுறை மருந்தகத்தில் மாத்திரை வாங்குவதைச் சொன்னால் சீன மருத்துவர் என்ன நினைப்பாரோ என்று சர்க்கரை நோயை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். நாட்பட்ட சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால், அங்கே சூடு காட்டும் விளக்கு தோலைச் சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது. சின்னக் காயம்கூட ஆறத் தாமதமாகும். கிருமியும் எளிதில் தொற்றும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்து சாப்பிடுபவர்களுக்கு ரத்தக்கசிவும் கன்றிப்போவதும் அதிகமாக இருக்கும். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்திருந்தால் ஊசியில் மின்சாரம் பாய்ச்சும் முறை கூடாது. கர்ப்பிணிகளுக்குச் சில இடங்களில் ஊசி போடுவதை மருத்துவர்கள் தவிர்ப்பார்கள். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்ற சந்தேகம் இருந்தாலும் சொல்லிவிடுங்கள். மொழி தடையாக இருந்தால் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மேசையில் வையுங்கள்.

அங்கே மூலிகை கொடுத்தால் அதைப் பலதுறை மருந்தக மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். சீன மருத்துவத்தில் சாதாரணமாகக் கொடுக்கப்படும் டாங் குவாய் வேர், வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிடும். ஊசி போடத் தொடங்கியாயிற்று என்று சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தயவுசெய்து இதை உங்கள் அம்மாவிடமும் சொல்லுங்கள்.

அடுத்தது, வெறும் வயிறு. வெள்ளிக்கிழமை விரதம், தைப்பூச விரதம், நோன்பு மாதம் ஆகியவற்றின்போது போனால் தலைசுற்றி, வியர்த்து, மயக்கம் வரலாம். விரதத்தைக் கைவிடச் சொல்லவில்லை. முன்பதிவை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மற்ற நாள்களில் ஓரிரு மணி நேரத்துக்கு முன் லேசாகச் சாப்பிட்டுப் போவது நல்லது. ஆனால் கோப்பி குடித்த வாயோடு போக வேண்டாம். மருத்துவர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்லி அதன் நிறத்தையும் படிவையும் பார்ப்பார். கோப்பிக் கறையும் மஞ்சள்தூள் கறையும் அதைக் குழப்பிவிடும்.

ஊசியைப் பற்றிய பயம் பெரும்பாலும் தேவையற்றது. ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மிக மெல்லியது, உள்ளே மருந்து கிடையாது. உறையை உங்கள் கண்முன் பிரித்து, சிறு குழாயோடு தோலில் வைத்து, மேல்முனையை விரலால் ஒரு தட்டு தட்டுவார்கள். பிறகு அந்த இடத்தில் ஒரு கனம், மந்தமான குடைச்சல், லேசான மரமரப்பு வரும். அது எதிர்பார்க்கப்படுவதுதான். சுரீரென்று மின்சாரம் பாய்ந்தாற்போல வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதீர்கள், உடனே சொல்லுங்கள். இருபது, முப்பது நிமிடம் ஊசியோடு படுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் கைப்பேசியை எடுக்கக் கை நீட்டக் கூடாது. தளர்வான உடையில் போங்கள். பெண் மருத்துவர் வேண்டுமென்று கேட்கத் தயங்க வேண்டாம்.

சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவுபெற்றவர்கள்தான் அக்குபங்சர் செய்யலாம். சீன மருத்துவர்களைப் பதிவுசெய்யும் வாரியத்தின் இணையப் பட்டியலில் பெயரைத் தேடிப் பாருங்கள். உடம்புபிடி நிலையத்தில் யாரோ ஊசி எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரே தடவையில் வலி ஓடிவிடும் என்று நம்பிப் போவதும் தவறு. வேறு காரணம் தெளிவாகத் தெரியாத நாட்பட்ட வலிக்கு அக்குபங்சரைப் பரிசீலிக்கலாம் என்று, மருத்துவ வழிகாட்டுதல் தரும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் சொன்னது. அதே அமைப்பு 2016இல் இடுப்புவலிக்கு வேண்டாம் என்றது. எனவே சில தடவை பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்; முதல் நாளே பெரிய தொகுப்புக்கு முன்பணம் கட்டாதீர்கள். சீன மருத்துவர் தரும் விடுப்புச் சான்றிதழை முதலாளி ஏற்றே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. முன்கூட்டியே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடுப்புவலியோடு சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ அக்குபங்சருக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். தோளிலோ மேல்முதுகிலோ ஊசி போட்ட பிறகு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். அரிதாக ஊசி நுரையீரல் உறையைத் துளைத்திருக்கலாம். வருகிறவர்களிடம் எங்கே, எப்போது ஊசி போட்டார்கள் என்பதையும் சொல்லுங்கள்.